தஞ்சாவூர் நெல்லில் விளைந்த எம்.பி.

சென்னையில் பால் பென்ஃபீல்டு பெயரில் ஒரு முட்டுச்சந்துகூட இல்லை. வந்து போன துரைமார் பெயரையெல்லாம் சாலைக்கு வைத்து அழகு பார்த்த ஊர், இவர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டிவிட்டது. செயின்ட் ஜார்ஜ் கோட்டை மதிலில் இவர் கைவேலை உண்டு. கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுந்த மதில் இவர் எடுத்த காண்டிராக்ட். சேப்பாக்கம் மாளிகையைக் கட்டியவரும் இவர்தான் என்று சென்னை சரித்திரம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். இதெல்லாம் போதாதென்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் மூன்று வெவ்வேறு தொகுதிகளுக்கு உறுப்பினராகவும் இருந்தார். அந்தத் தொகுதிக்காரர்கள் அவருக்குக் கொடுத்தது ஓட்டு. அதற்கான பணத்தைக் கொடுத்தது ஆற்காடும் தஞ்சாவூரும்.

1764-ல் கிழக்கிந்திய கம்பெனியின் கட்டிட வேலைக்காகச் சென்னையில் வந்து இறங்கினார். வயது இருபதுகளின் தொடக்கம். கம்பெனி உத்தியோகத்தில் அப்போது இரண்டு வரும்படி. ஒன்று சம்பளம், லண்டனில் உட்கார்ந்திருக்கும் டைரக்டர்களின் மன நிம்மதிக்காகக் கணக்கில் எழுதப்படுவது. இன்னொன்று, ஆள் உயிர்வாழ்வதற்கானது. பென்ஃபீல்டு கொஞ்ச காலத்திலேயே கணக்கைப் புரிந்துகொண்டார். மதில் கட்டும் உத்தியோகஸ்தனைவிட மதில் கட்டும் காண்டிராக்டர் மேல். அவனைவிட, மதிலுக்குள் இருப்பவர்களுக்கு வட்டிக்கு விடுகிறவன் மேல்.

முதலில் காண்டிராக்ட். ஹைதர் அலியின் குதிரைப்படை 1767-லும் 1769-லும் சென்னையின் வாசல்வரை வந்துவிட்டுப் போனதில் கம்பெனிக்கு வயிற்றைக் கலக்கியது. கறுப்பர் நகரத்துக்கு மதில் கட்டியே தீருவது என்று முடிவு செய்து பென்ஃபீல்டிடம் வேலையைக் கொடுத்தார்கள். மதில் எழுந்தது. செலவை ஊர்க்காரர்களிடம் வரியாகக் கறந்துவிடலாம் என்றும் ஒரு திட்டம் இருந்தது. ஜனங்கள் அசைந்து கொடுக்கவில்லை, அந்த வரி வசூலாகவே இல்லை. வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. மதிலைத் தேடுகிறவர்கள் மாடிப் பூங்கா பக்கம் போனால் கொஞ்சம் மிச்சம் பார்க்கலாம்.

அடுத்து வட்டி. இங்கே நவாப் முகமது அலி வாலாஜாவை அறிமுகப்படுத்த வேண்டும். ஆற்காட்டு நவாப் என்று பெயர்; இருந்ததென்னவோ சேப்பாக்கத்தில், கோட்டைப் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில். பெருந்தன்மையான மனிதர். கடன் கொடுக்க வந்த எந்த வெள்ளைக்காரரையும் அவர் பத்திரம் எழுதிக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியதில்லை.

அந்தக் கடன் எந்திரம் ஓடிய விதம் இப்படி. நவாபுக்காகக் கம்பெனி சண்டை போடும். சண்டை முடிந்ததும் பில் அனுப்பும். நவாபிடம் காசு இருக்காது. கம்பெனி கவுன்சில் கடுமையாகக் கடிதம் எழுதும். பகலில் அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்த குமாஸ்தாவே, பொழுது சாய்ந்ததும் தன் துபாஷியைக் கூட்டிக்கொண்டு சேப்பாக்கத்துக்குப் போய், பில்லைக் கட்டுவதற்குக் கடன் தர முன்வருவார். வட்டி ஆண்டுக்கு 36 சதவீதம்வரை போனது. நம் ஊர் கணக்கில் நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி. பின்னால் அது 25, 20 என்று இறங்கியபோது துரைமார் தங்களைத் தர்மப் பிரபுக்களாகவே நினைத்துக்கொண்டார்கள். ஈடாக நவாப் ஒரு சீமையின் நிலவரி வசூலையே எழுதிக்கொடுப்பார். கடன் கொடுத்தவரின் ஆள் களத்துமேட்டுக்கு நேராகவே போய்விடுவான். கைமாறிய கடன் பல சமயம் காசாகவும் இருக்காது. செய்த உதவிக்கு வெகுமதி, செய்யப்போகும் உதவிக்கு வெகுமதி, பழைய வட்டி பாக்கி எல்லாம் சேர்ந்து ஒரு நாள் குளித்துவிட்டு வந்து ‘அசல்’ என்று உட்கார்ந்துகொள்ளும்.

கவர்னர் முதல் கடைசி குமாஸ்தாவரை இதில் கை நனைக்காதவர் குறைவு. பென்ஃபீல்டின் தனித்தன்மை என்னவென்றால், மற்றவர்கள் முழங்கால் அளவுக்கு இறங்கிய இடத்தில் இவர் நீச்சல் அடித்தார்.

1773-ல் கம்பெனிப் படையின் தயவில் நவாப் தஞ்சாவூரைப் பிடித்து, மராட்டிய ராஜா துளஜாவைப் பதவியிலிருந்து இறக்கினார். காவிரிப் பாசனத்தில் விளையும் நெல்லைப் பார்த்ததும் கடன்காரர்களுக்குப் பசி எடுத்தது. பாதி சாப்பாட்டில் லண்டன் டைரக்டர்கள் இலையை இழுத்துவிட்டார்கள். ராஜாவிடமே நாட்டைத் திருப்பிக் கொடு என்று உத்தரவு போட்டு, லார்ட் பிகாட்டைக் கவர்னராக அனுப்பினார்கள். பிகாட் ஏற்கெனவே ஒரு தடவை சென்னைக் கவர்னராக இருந்து, பெரிய செல்வமும் தன் பெயரால் வழங்கிய ஒரு வைரமுமாக ஊர் போனவர். பிரிட்ஜ்நார்த் தொகுதி எம்.பி. வேறு. கொள்ளையைத் தடுப்பதற்கு அனுபவசாலியைத்தான் அனுப்பினார்கள் என்று சொல்ல வேண்டும்.

பிகாட் 1776 ஏப்ரலில் தஞ்சாவூருக்கே போய் துளஜாவை மறுபடி சிம்மாசனத்தில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினார். வந்தவர் முன்னால் பென்ஃபீல்டு ஒரு காகிதத்தை நீட்டினார். நவாபுக்குத் தஞ்சாவூர் வரியை ஈடாக வைத்துக் கொடுத்த கடன் 1,62,000 பவுண்டு. தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்தது 72,000 பவுண்டு. ஆக 2,34,000 பவுண்டு. எனவே வயலில் நிற்கும் பயிர் என்னுடையது, தயவுசெய்து அறுத்துக்கொள்ள அனுமதிக்கவும்.

கேட்டவர் வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு சம்பளம் வாங்கும் கம்பெனி சிப்பந்தி. அந்தச் சம்பளத்தை ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் இந்தத் தொகை வர பல நூறு வருஷம் பிடிக்கும். ஊரிலேயே எடுப்பான வண்டியும் குதிரைகளும் அவரிடம்தான் இருந்தன என்பதால் செலவழிக்காமல் இருந்தார் என்றும் சொல்ல முடியாது. ஆதாரம் எங்கே என்று கவுன்சில் கேட்டது. நவாபைக் கேளுங்கள் என்றார். நவாபும், ஆமாம் கொடுக்க வேண்டும் என்றார். அவர் எப்போது இல்லை என்று சொல்லியிருக்கிறார்?

கவுன்சில் முதலில் கோரிக்கையைத் தள்ளியது. கொஞ்ச நாளில் அதே கவுன்சிலின் பெரும்பான்மை மனம் மாறியது. நிற்கும் பயிர் நவாப் போட்டது, அதனால் நவாபுடையது, அதனால் பென்ஃபீல்டுடையது என்று ஒரு புதிய வேதாந்தம் பிறந்தது. கவுன்சிலர்களில் சிலரே நவாபின் கடன்காரர்கள் என்பதைச் சேர்த்துப் படித்தால் வேதாந்தம் எளிதில் விளங்கும். தஞ்சாவூருக்கு யாரை அனுப்புவது என்பதில் அடுத்த சண்டை. பெரும்பான்மைக்காரர்கள் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை அனுப்ப நினைத்தார்கள். பிகாட் ஒப்பவில்லை, எதிர்த்தவர்களில் சிலரை சஸ்பெண்ட் செய்தார். அவர்கள் பதிலுக்கு கவர்னரையே கைது செய்ய முடிவெடுத்தார்கள்.

கைது நடந்த நேர்த்தியைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். 1776 ஆகஸ்ட் 24. ஸ்டூவர்ட் காலையில் பிகாட் வீட்டில் சாப்பிட்டார். மத்தியானமும் அங்கேயே சாப்பிட்டார். சாயங்காலம் கவர்னரின் வண்டியிலேயே பக்கத்தில் ஏறி உட்கார்ந்து காற்று வாங்கப் புறப்பட்டார். வண்டி தீவுத்திடல் பக்கம் போனபோது சிப்பாய்கள் ஓடி வந்து மறித்தார்கள். தங்களை இறங்கச் சொல்கிறார்கள் என்று கவர்னருக்கு எடுத்துச் சொன்னவரும் ஏற்பாடு செய்தவரும் ஒருவரே. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம்மவர்கள் சொல்வது ஸ்டூவர்ட்டின் காதுக்கு எட்டியிருக்காது. இரண்டு வேளைச் சாப்பாடும் உள்ளேதான் இருந்தது.

பிகாட்டைப் பரங்கிமலையில் அடைத்துவைத்தார்கள். ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்தார். செய்தி கப்பலேறி லண்டன் போய், டைரக்டர்கள் கூடிக் கூடிப் பேசி, பிகாட்டுக்குப் பதவியைத் திருப்பிக் கொடுத்து, அதே மூச்சில் அவரைத் திரும்பி வரவும் சொல்லி ஓர் உத்தரவு தயாரித்தார்கள். அது வந்து சேர்ந்தபோது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பிகாட் 1777 மே 11-ல் காவலிலேயே இறந்துவிட்டார். லண்டனில் வழக்கு நடந்து, ஸ்ட்ராட்டனுக்கும் கூட்டாளிகள் மூவருக்கும் தலைக்கு 1,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள். ஒரு கவர்னரை ஆயுள் முடியும்வரை அடைத்துவைக்க அது ஒன்றும் அதிக விலையில்லை. ஸ்ட்ராட்டனும் எம்.பி. ஆனார். சென்னையில் தப்புத்தண்டா செய்தவர்களுக்கு அந்தக் காலத்தில் ஓய்வூதியம் மாதிரி இது.

விசாரணைக்காக ஊருக்கு அழைக்கப்பட்ட பென்ஃபீல்டு என்ன செய்தார்? தன்னை விசாரிக்கும் சபையில் தானே போய் உட்காருவதுதான் பத்திரம் என்று கண்டுகொண்டார். 1780 தேர்தலில் வில்ட்ஷயரில் உள்ள கிரிக்லேடு தொகுதிக்கு நின்றார். அந்த ஊர் வாக்காளர்கள் கொள்கைப் பிடிப்புள்ளவர்கள். காசு வாங்காமல் ஓட்டுப்போடுவதை மானக்கேடாகக் கருதினார்கள். அந்தத் தேர்தலில் புகுந்து விளையாடிய பணத்தைப் பார்த்துப் பாராளுமன்றமே அதிர்ந்துபோய், சுற்றுவட்டார நிலச்சொந்தக்காரர்களுக்கும் ஓட்டுரிமை கொடுத்து 1782-ல் தனிச்சட்டம் போட்டது. சீர்திருத்தத்துக்கு பென்ஃபீல்டு செய்த தொண்டு என்று இதைத்தான் சொல்லலாம்.

கிரிக்லேடுக்கு இரண்டு உறுப்பினர்கள். மற்றவர் ஜான் மக்பெர்சன். இவரும் சென்னையில் நவாபுக்கு வேண்டியவராக இருந்து வேலை போனவர். பின்னாளில் இவரே தற்காலிக கவர்னர் ஜெனரலாகவும் உட்கார்ந்தார். அதே 1780-ல் கேமல்ஃபோர்டு தொகுதிக்கு வந்தவர் ஜேம்ஸ் மக்பெர்சன். ஓசியன் என்ற பழங்காலப் புலவனின் காவியம் கிடைத்தது என்று சொல்லி, பெரும்பாலும் தானே எழுதி ஐரோப்பாவையே ஏமாற்றியவர். லண்டனில் நவாபின் ஏஜெண்டு. இல்லாத காவியத்தை நம்பவைத்தவருக்கு, இல்லாத கடனுக்கு வாதாடுவது என்ன கஷ்டம்? சேப்பாக்கத்தில் உட்கார்ந்திருந்த நவாபுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் இத்தனை பேர் இருந்தார்கள். வரி கட்டிய கர்நாடகத்துக் குடியானவனுக்கு, அதாவது நவாபின் ஆற்காட்டுச் சீமைக் குடியானவனுக்கு, அங்கே ஒரு ஆள் கிடையாது. ஆனால் செலவு அவனுடையது.

எம்.பி. ஆன மறு வருஷமே, 1781-ல், பென்ஃபீல்டு கம்பெனி வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு சென்னைக்குக் கப்பலேறினார். கிரிக்லேடு எம்.பி. பதவி 1784 வரை அவரிடமே இருந்தது. தொகுதிக்கும் உறுப்பினருக்கும் நடுவில் ஆறு மாதக் கடல் பயணம். தொகுதிப் பக்கமே தலைகாட்டாத எம்.பி.க்களைக் குறைசொல்கிறவர்கள் இந்தச் சாதனையைக் கவனிக்கவும்.

சென்னையில் இப்போது கவர்னர் மகார்ட்னி பிரபு. நவாபின் வரி வசூலையே கம்பெனி எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர் ஏற்பாடு செய்ய, கடன்காரர்கள் வயிற்றில் அடி. பென்ஃபீல்டும் நவாபும் ஒரு பக்கம், மகார்ட்னி ஒரு பக்கம் என்று மல்லுக்கட்டு தொடங்கியது. இந்தச் சமயத்தில் நம் பழைய நண்பர் ஸ்டூவர்ட் மறுபடி மேடைக்கு வருகிறார். இப்போது ஜெனரல். ஹைதரோடு நடந்த சண்டையில் ஒரு காலை இழந்திருந்தார். கவர்னரோடு ஒத்துப்போகும் பழக்கம் இன்னும் வரவில்லை. 1783-ல் மகார்ட்னி அவரைக் கைது செய்து கப்பலேற்றிவிட்டார். அன்று ஸ்டூவர்ட் ஒரு லார்டைப் பிடித்தார், இன்று ஒரு லார்டு ஸ்டூவர்ட்டைப் பிடித்தார் என்று சென்னையில் சிரித்தார்கள். ஸ்டூவர்ட் மறக்கவில்லை. 1786-ல் லண்டன் ஹைட் பார்க்கில், ஒற்றைக்காலோடு மரத்தில் சாய்ந்து நின்று மகார்ட்னியைத் துப்பாக்கிச் சண்டைக்கு இழுத்துக் காயப்படுத்திவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அதற்குள் லண்டனில் வேறு கூத்து. 1784-ல் பிரதம மந்திரி பிட் கொண்டுவந்த சட்டம், நவாபின் கடன்களை விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்றது. ஹென்ரி டண்டாஸும் கம்பெனியை மேற்பார்த்த கட்டுப்பாட்டு வாரியமும் ‘விசாரித்து’ என்ற பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். 1767 கடன், குதிரைப்படைக் கடன், 1777 கடன் எல்லாம் நிஜம்; கர்நாடகத்து வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுண்டு ஒதுக்கி அடைக்க வேண்டும் என்று உத்தரவு போனது. ஹைதரின் படை புகுந்து எரித்துவிட்டுப் போன நாடு அது. அங்கே தண்ணீருக்கு ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

1785 பிப்ரவரி 28 இரவு பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்தார். மணிக்கணக்கில் பேசினார். ஏரி குளங்களைப் பற்றி, அவை தூர்ந்துபோனதைப் பற்றி, தென்னிந்தியாவில் கால் வைக்காத ஒருவரால் இவ்வளவு பேச முடியுமா என்று நாம் வியக்கும் அளவுக்குப் பேசினார். பென்ஃபீல்டு வரும் இடங்களில் நாகரிகத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டார். எப்போதோ பருந்துகளுக்கு இரையாகியிருக்க வேண்டிய ஆள் என்கிற தோரணையில் சொன்னார். பென்ஃபீல்டு தன்னையும் சேர்த்து எட்டு எம்.பி.க்களை உற்பத்தி செய்தவர் என்றும், தேர்தலில் அந்தக் கூட்டம் செய்த உபகாரத்துக்குத்தான் பிட் அரசு இந்தக் கடனை விழுங்குகிறது என்றும் குற்றம்சாட்டினார். பேச்சு பிரமாதம். இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது: பர்க்கின் உறவினரும் உயிர்த்தோழருமான வில்லியம் பர்க், தஞ்சாவூர் ராஜாவின் ஏஜெண்டு. நவாப் பக்கம் மக்பெர்சன்கள், ராஜா பக்கம் பர்க். நியாயம் பர்க் பக்கம்தான் இருந்தது என்பது என் கட்சி. ஆனால் நியாயத்துக்கும் அங்கே ஏஜெண்டு தேவைப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும் பிட் பதிலே பேசவில்லை. பக்கத்தில் இருந்த கிரென்வில்லோடு கலந்து, பதில் அவசியமில்லை என்று தீர்மானித்துவிட்டாராம். ஓட்டெடுப்பில் பர்க் பக்கம் 69, எதிர்ப்பக்கம் 164. நெல் ஜெயித்தது.

1780-களின் கடைசியில் பென்ஃபீல்டு சீமைக்கே திரும்பினார். 1790-ல் மாம்ஸ்பரி தொகுதி எம்.பி.; 1793 முதல் ஷாஃப்ட்ஸ்பரி. இந்த ஷாஃப்ட்ஸ்பரியின் பூர்வ கதை கேளுங்கள். 1774 தேர்தலில் அங்கே நின்றவர்களில் ஒருவர் தாமஸ் ரம்போல்டு, பிற்பாடு சென்னைக் கவர்னர். பணப் பட்டுவாடா எப்படி நடந்தது தெரியுமா? பொம்மலாட்டக் கோமாளி ‘பஞ்ச்’ வேஷம் போட்ட ஓர் ஆள் ஓர் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, கதவில் இருந்த ஓட்டை வழியாக 20 கினி பொட்டலத்தை வெளியே நீட்டினான். வாங்கினவன் யாரிடம் வாங்கினான் என்று சத்தியம் செய்ய முடியாது; கோமாளியிடம் வாங்கினேன் என்றுதான் சொல்ல முடியும். நம் ஊரில் கவர், டோக்கன் என்று எத்தனையோ முன்னேற்றம் வந்துவிட்டது. கலைநயம் குறைந்துவிட்டது என்றே படுகிறது.

அந்த ரம்போல்டு இந்தியப் பணத்தில் ஹெர்ட்ஃபோர்டுஷயரில் கட்டிய உட்ஹால் பார்க் மாளிகையையும் அவர் மறைவுக்குப் பின் பென்ஃபீல்டே வாங்கினார். தொகுதியும் வீடும் ஒருவர் பின் ஒருவராக ‘மெட்ராஸ்’காரர்களுக்கே போனது. குதிரையேறி ஹைட் பார்க்கில் உலாவந்தவரை, கேலிச்சித்திரக்காரர் கில்ரே 1797-ல் ‘ரூபாய்ப் பிரபு’ என்று வரைந்து கடைகளில் தொங்கவிட்டார். சென்னை வெயிலில் காய்ந்தவர் என்பதற்காக முகத்தில் கருப்பு மையை அப்பினார். அதே முகத்தோடு அதே பூங்காவில் மறுநாளும் உலாவியிருப்பார். அந்தத் தோல் அப்படிப்பட்டது.

சும்மா இருந்திருந்தால் பேரன் பேத்தி எடுத்து, லார்டு பட்டமும் வாங்கி, ஏதாவது தேவாலயத்தில் பளிங்குக் கல்லறைக்குள் போயிருப்பார். வட்டிக்காரனுக்குச் சும்மா இருக்க வராது. வால்டர் பாய்டு என்பவரோடு கூட்டுச் சேர்ந்து 1793-ல் பாய்டு பென்ஃபீல்டு கம்பெனி என்று வங்கி திறந்தார். பிரான்ஸோடு யுத்தம், பிட்டுக்குப் பணம் வேண்டும். 1795-ல் ஆஸ்திரியாவுக்கான கடனையும், பிரிட்டனுக்கான 1 கோடியே 80 லட்சம் பவுண்டு கடனையும் இந்த வங்கிதான் திரட்டியது. இரண்டாவதைப் போட்டி ஏலம் இல்லாமலே இவர்களுக்குக் கொடுத்ததாகப் பாராளுமன்றத்தில் விசாரணைகூட நடந்தது. ஒரு காலத்தில் நவாபுக்குக் கடன் கொடுத்தவர், இப்போது அந்த நவாபின் கடனைச் செல்லுபடியாக்கிய பிரதம மந்திரிக்கே கடன் திரட்டுகிறார். தொழில் வளர்ச்சி என்றால் இது.

ஆனால் நவாபிடம் கடைப்பிடித்த முறை இங்கிலாந்து வங்கியிடம் செல்லவில்லை. அவர்கள் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார்கள், பிறகு கடன் கொடுப்பதைக் குறைத்தார்கள். அவர்களின் கவர்னரைத் தூக்கிப் பரங்கிமலையில் அடைக்கவும் வழியில்லை. 1800-ல் வங்கி திவால். மறு வருஷமே உட்ஹால் பார்க் ஒரு வங்கிக்காரர் கைக்குப் போனது. 1802-ல் எம்.பி. பதவியும் போனது. பென்ஃபீல்டு பாரிசுக்குப் போய், 1810-ல் அங்கேயே பரம ஏழையாகச் செத்தார். நவாபைக் கடைசிவரை கடனாளியாகவே வைத்திருந்த மனிதருக்கு, கடனாளியாகச் சாவதற்கு வேறு நாடு தேட வேண்டியிருந்தது.

நவாபின் கடன் மட்டும் சாகவில்லை. 1784-ன் தாராளத்தைப் பார்த்ததும் புதுப்புதுப் பத்திரங்கள் காளான் போல முளைத்தன. முகமது அலி 1795-ல் இறந்தார். 1801-ல் கம்பெனி கர்நாடகத்தையே விழுங்கியது. 1805-ல் கணக்குப் பார்க்க ஒரு கமிஷன் போட்டார்கள். வந்து குவிந்த கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கு மேல். வருஷக்கணக்காகத் தூசு தட்டிப் பார்த்ததில், நிஜமென்று தேறியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பர்க் அப்போது உயிரோடு இல்லை. பிட்டும் கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தார்.

பிரான்ஸில் 1803-ல் மாட்டிக்கொண்ட கூட்டாளி வால்டர் பாய்டு 1814 வரை அங்கே காவலில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். 1823-ல் மறுபடி எம்.பி. ஆனார். இந்தத் தடவை தொகுதி லிமிங்டன்.